தையற்காரரின் முறை

"டெய்லரே, நீங்க குறி பாக்கறீங்களா, இல்ல குறி சொல்றீங்களா?"

ஆடிட்டர் தையற்காரரைக் கேட்டார். அவரோ கேரம் பலகையின்மேல் கவிழ்ந்து, ஒரு கண்ணை மூடி, ஸ்ட்ரைக்கரை இடப்புறம் ஒரு நூலளவு நகர்த்தினார். பிறகு வலப்புறம் அதே நூலளவு நகர்த்தினார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"போச்சு! மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பம்" என்று ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிறு மாலைதோறும் பல் மருத்துவரின் காத்திருப்புக் கூடம் இந்த நண்பர் நால்வருக்கும் ஆடுகளமாகிவிடும். ஆடிட்டரும் பல் மருத்துவரும் ஓரணி. தையற்காரரும் மருந்துக்கடைக்காரரும் மற்றோரணி. ஆடிட்டர் அண்மையில் ஓய்வு பெற்றவர். உத்தியோகம் விட்டாலும் பிழை தேடும் வழக்கம் அவரை விடவில்லை.

அவர் கண்டுபிடித்த பெரும்பிழை, தையற்காரர்தாம். மற்ற மூவரும் கண்ணிமைக்கும் நேரத்தில் அடித்துவிட்டு நிமிர, இவர் ஒருவர் மட்டும் ஊசிக்காதைத் தேடும் நூலைப்போலத் தடவிக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்து எழும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கி வெகுநேரமாகியிருக்கும்.

"இந்த நிதானம் அளவெடுக்கறப்போ இருந்திருந்தா, என் சட்டைக்கை ரெண்டும் ஒரே நீளமா இருந்திருக்கும்" என்றார் ஆடிட்டர்.

"உங்க கைதான் ஒண்ணு நீளங்க. சட்டைமேல பழி போடாதீங்க."

மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"விடுங்க ஆடிட்டர்" என்று பல் மருத்துவர் சமாதானம் செய்தார். "பல்லைக்கூட நான் இவ்வளவு அவசரமாப் புடுங்க மாட்டேன்."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஆடிட்டர் அன்று பொங்கிவிட்டார்.

"இனிமே புது விதி. நான் பத்து எண்றதுக்குள்ள அடிக்கணும். இல்லேன்னா முறை போயிடும். இதுக்கு ஒத்துவராதுன்னா, அடுத்த வாரம் நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்."

தையற்காரரின் முகம் வாடிவிட்டது. வாரம் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து கிடப்பவருக்கு இந்த மூவரை விட்டால் வேறு நட்பில்லை.

"வேற ஆள் வந்தா ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சிடுமே!" என்றார் பரிதாபமாக.

"அதுக்குத்தானய்யா வேற ஆளு! ம், ஆரம்பிங்க. ஒண்ணு… ரெண்டு… மூணு…"

எண்ணிக்கை ஏற ஏறத் தையற்காரர் பதறி அடித்தார். காய் ஒரு திசையில் போக, ஸ்ட்ரைக்கர் வேறு திசையில் போய்க் குழிக்குள் விழுந்தது. ஆடிட்டர் அணி வெளுத்து வாங்கியது. சன்னல் வழியே வந்த வெயில் சுவரை விட்டு மறைவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம் போடலாமா?" என்று தையற்காரர் கெஞ்சினார்.

"ஆமா, உக்காருங்க" என்று பல் மருத்துவரும் எழுந்து வந்து ஆடிட்டரின் கையைப் பிடித்தார். "வேணும்னா உங்க பல்லைப் பாக்கறேன். இலவசமாவே பாக்கறேன்."

"ஜெயிச்ச வாயோட வீட்டுக்குப் போறேன். அதைக் குடைஞ்சு கெடுத்துடாதீங்க" என்று சொல்லி, ஆடிட்டர் வெற்றிநடை போட்டார்.

வீட்டு மாடிப்படியில் கால் வைத்தபோது மேலே சிரிப்பொலி கேட்டது. இரண்டு மூன்று குரல்கள் சிரித்தன. அவற்றுள் ஒரு சிரிப்பு மட்டும் அடக்கமாட்டாமல் வெடித்துக் கிளம்பி, மூச்சு வாங்கி, மீண்டும் வெடித்தது. அது யாருடையது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கதவைத் திறந்தார்.

சிரித்தவள் அவர் மனைவி. அவருடைய சாய்வு நாற்காலியில் கால்களை மடக்கிப் போட்டு அமர்ந்திருந்தாள். பல் மருத்துவரின் மனைவியும் தையற்காரரின் மனைவியும் தரையில் தலையணைகளை இறைத்துச் சாய்ந்திருந்தனர். தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.

அவரைக் கண்டதும் சிரிப்புப் பாதியில் அறுந்தது. அவர் வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினார், அவ்வளவுதான். அதற்குள் பல் மருத்துவரின் மனைவி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள். தையற்காரரின் மனைவி தலையணைகளை அடுக்கத் தொடங்கினாள். அவர் மனைவி எழுந்து, எரிந்த இரண்டு விளக்குகளில் ஒன்றை அணைத்துவிட்டு, நாற்காலி விரிப்பின் சுருக்கத்தை நீவினாள்.

"இருட்டற வரைக்கும் ஆட்டத்தை இழுத்துப் பிடிங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று பொருமிய தையற்காரரின் மனைவி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவங்க மேல தப்பில்லைங்க" என்றாள் ஆடிட்டரின் மனைவி. சற்றுமுன் மாடிப்படிவரை கேட்ட குரல் இப்போது அறைக்குள்ளேயே கேட்கவில்லை. "நான்தான் டெய்லர் அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டேன். வாரத்துல ஒரு நாள்… கொஞ்ச நேரம்… சரி, விடுங்க. டீ போடட்டுமா?"

ஒரு செருப்பைக் கழற்றியிருந்த ஆடிட்டர் மற்றொன்றைக் கழற்றாமல் நின்றார். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் கடைசியாக எப்போது கேட்டோம் என்று எண்ணிப் பார்த்தார். எவ்வளவு பின்னோக்கிப் போயும் கணக்குக் கிட்டவில்லை.

கழற்றிய செருப்பை மீண்டும் மாட்டிக்கொண்டார். உள்ளே எட்டி, அணைந்திருந்த விளக்கின் பொத்தானைத் தட்டினார்.

"ஆட்டம் முடிஞ்சுதுன்னு யார் சொன்னா? கால் மரத்துப்போச்சேன்னு சும்மா இப்படி நடந்துட்டுப் போக வந்தேன். அங்க டெய்லர் இன்னும் குறி பாத்துக்கிட்டுத்தான் இருக்கார்!"