மிச்சச் சுவர்

“சுவர் மேல கை வெச்சீங்கன்னா, கையை உடைச்சிடுவேன்!”

பாதி இடிந்த தன் கல்வீட்டில் மிஞ்சி நின்ற சுவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் எர்சிலியா. அரசு கொடுத்த கன்டெய்னர் வீட்டிலிருந்து விடியும்போதே வந்துவிட்டாள். கண்ணாடி இழை வலைச் சுருள்களைத் தோளில் சுமந்துவந்த இரண்டு ஆட்களும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கான்ட்ராக்டர் ஒத்தாவியோ சிரிக்க முயன்றார். “ஓசியிலதானேம்மா பண்ணித் தரேன்? இன்னொரு நிலநடுக்கம் வந்தா, இது தெருவுல போறவங்க தலையில விழும்.”

“முதல்ல என் தலையில விழட்டும். அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன்.”

நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த அப்பென்னைன் மலையூருக்கு மாற்றலாகி வந்திருந்த பாதிரியார் சிரோ குனிந்து மெதுவாகச் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் இங்கதான் உயிரை விட்டார்னு தெரியும்மா. அந்த வருத்தத்துல, நல்லது செய்ய வந்தவரை விரட்டலாமா?”

“வருத்தமெல்லாம் அழுது தீர்த்தாச்சு சாமி. இது கோபம்.” கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினாள். “இந்த வலை அப்படி என்னய்யா கிழிக்கும்?”

ஒத்தாவியோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “ரெண்டு பக்கமும் வலையை விரிச்சு, குறுக்கே கம்பி கோத்து இறுக்கி, மேலே சாந்து பூசிடுவோம். அப்புறம் கல்லு கல்லா உதிராது. விரிசல் விடும், ஆனா சரியாது. உள்ள இருக்கிறவங்க தப்பிச்சு ஓட நேரம் கிடைக்கும்.”

“நிச்சயமா?”

“எங்கம்மா மேல சத்தியமா!”

“கேட்டுக்கிட்டீங்களா சாமி? நீங்கதான் சாட்சி.”

மேட்டில் ஏறி வந்த கார் ஒன்று வாசலில் நின்றது. கையில் உளியும் சுத்தியலும், கழுத்தில் கேமராவுமாக ஒரு பெண் இறங்கினாள். எர்சிலியா எழுந்து நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள்.

“வாங்கம்மா. கோர்ட்டுல இருந்து உங்களை அனுப்புற வரைக்கும் இதைக் காப்பாத்தி வெச்சிருக்கேன். விழுந்த பாதியை இவரோட லாரியே அள்ளிட்டுப் போயிடுச்சு. நிக்கிறதையாவது உரிச்சுப் பாருங்க.”

எர்சிலியா அந்தப் பெண்ணிடம் நீட்டிய தாள், இந்தச் சுவர் முழுக்க வலை பதித்து முடித்தாயிற்று என்று ஆறு வருஷத்துக்கு முன்பு ஒத்தாவியோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ்.