வாசலில் கழற்றியவை

அகதியாக வந்து, கோப்பை கழுவி, இப்போது மாடி மாடியாகக் கட்டி விற்கிற குகநேசனுக்குக் கதவுக்கு வெளியே செருப்புக் கிடந்தால் பற்றிக்கொண்டு வரும். அன்று அவரே வந்து, தான் கட்டிய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் லோகேஸ்வரி வீட்டு வாசலில் கிடந்த அத்தனை செருப்பையும் அள்ளி, எல்லா மாடிகளையும் தாண்டிக் கீழே இறங்கும் குப்பைக் குழாய்க்குள் தள்ளினார். சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்தாள்.

"வந்த புதிசில எங்கட வீட்டிலதானே தம்பி படுத்தெழும்பினனீர்? அப்ப உம்மட சப்பாத்து எங்க கிடந்தது?"

"அது அப்ப. இது வெள்ளைக்காரர் வீடு பாக்க வாற இடம். உங்கட ஊர்ப்பழக்கத்தை இங்க காட்டாதேங்கோ!"

"எங்கட ஊர்ப்பழக்கமோ? உள்ள போய் இவருக்குச் சொல்லும். அவற்ற செருப்பையும்தான் எறிஞ்சனீர்."

"சொல்லுறன். எனக்கென்ன பயமோ?"

கோபம் தலைக்கேற விறுவிறுவென்று உள்ளே போய் நின்றார். அவளுடைய கணவர் குகநேசனின் கால்களையே பார்த்தார். குகநேசனும் குனிந்து பார்த்தார். வெறும் காலுறை. சப்பாத்தை எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

வெளியே குப்பைக் குழாயின் மூடி திறந்தது. சப்பாத்து இரண்டும் அவர் கட்டிய மாடிகளில் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு கீழே போயின.