கார்னிவல் முடியட்டும்

"கார்னிவல் முடியட்டும், இன்ஜினியரம்மா."

"எந்த வருஷக் கார்னிவல், தோன் சபினோ?"

லிட்சி கேட்டதும் ஓட்டுநர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சபினோவும் சிரித்தார். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

ஒருரோ நகரப் பேருந்து நிலையத்துப் பார்சல் அலுவலகத்துக்கு அவர்தான் மேலாளர். எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது இயங்குதளம் ஏற்றிவிட்டு வரச் சொல்லி, லா பாஸ் தலைமையகத்திலிருந்து முதலாளிகள் லிட்சியை அனுப்பியிருந்தார்கள். மற்றதெல்லாம் முடிந்தது. வாசல் கவுண்டரில் இருப்பது மட்டும் பாக்கி. அதன் பக்கம் போனாலே மனிதர் குறுக்கே வந்து நின்றார்.

ஆகஸ்டில் கேட்டபோது, "பூமித்தாய் வாயைத் திறந்துட்டுப் பசியோட இருக்கிற மாசம். இப்பப் போய் எதையும் கிளறக் கூடாது" என்றார்.

நவம்பரில், "செத்தவங்க விருந்துக்கு வர்ற நேரம். முதல்ல அவங்களைக் கவனிப்போம்" என்றார்.

இப்போது கார்னிவலாம்.

"அந்த சிஸ்டத்தைச் செஞ்ச கம்பெனியே அதைக் கைகழுவியாச்சு. பூட்டில்லாத கதவு மாதிரிக் கிடக்கு. வைரஸ் வந்தா எல்லா மெஷினும் படுத்துடும். சாயங்காலம் லா பாஸ்லருந்து போன் வரும். இன்னைக்கும் முடியலைன்னு சொன்னா என் வேலைக்குத்தான் ஆபத்து."

"என் மேல பழியைப் போடும்மா. கிழவனுக்குக் கம்ப்யூட்டர்னா பயம்னு சொல்லு."

"பயமா? வறட்டுப் பிடிவாதம்னு சொல்றேன்."

"அதுவும் சரிதான்."

லிட்சி கவுண்டர் பக்கம் திரும்பினாள். அங்கே ரசீது போடும் பஸிலியா; மரியாதைக்கு எல்லாரும் 'தோன்யா' என்பார்கள். அடுத்த வருஷக் கார்னிவலோடு பென்ஷன் வாங்கப் போகிறவள். விறைப்பான மனுஷி. வருஷக்கணக்காகப் பழகிய ஓட்டுநர் எதிரே வந்து நின்றால்கூட, "யாரு?" என்பாள். பார்சல் போட வந்தவர்களிடம் ரசீதை நீட்டி, "சத்தமா வாசிங்க. தப்பிருந்தா இப்பவே சொல்லிடணும்" என்று அதிகாரம் செய்வாள்.

"தோன்யா, நீங்களாவது சொல்லுங்களேன். புதுசுல கீயைத் தட்டவே வேண்டாம். திரையில படம் படமா வரும். பார்த்துத் தொட்டாப் போதும்."

பஸிலியாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"மேனேஜர் எப்படிச் சொல்றாரோ அப்படி" என்று எழுந்தவள், "எல்லாருக்கும் சூடா ஆப்பிச் சோளக்கஞ்சி வாங்கிட்டு வரேன்" என்று சுவரோரமாகவே நடந்து வெளியே போனாள்.

'சரிதான். ரெண்டும் ஒரே கூட்டணி' என்று நினைத்துக்கொண்டாள் லிட்சி.

கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. அலுவலகத்துக்கு சால்யா பூசை செய்தார்கள். கதவு, தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வண்ணக் காகிதச் சுருள் சுற்றி, பூவிதழ் தூவி, மூலைக்கு மூலை பீர் தெளித்தார்கள். சபினோ தரையில் பூமித்தாய்க்கு நாலு சொட்டு விட்டுவிட்டு, பாட்டிலை ஓட்டுநர் உவாஸ்காரிடம் கொடுத்தார். அவன் ஏற்கெனவே இரண்டு பாட்டில் உள்ளே தள்ளியிருந்தான்.

"பூமித்தாய் மட்டும் குடிச்சாப் போதுமா? வருஷம் பூரா உழைச்ச இதுவும் குடிக்கட்டும்!" என்று கவுண்டர் கம்ப்யூட்டரின் திரைக்குப் பின்னால் தாராளமாக ஊற்றினான்.

'புஸ்' என்றது. திரை மட்டும் இருண்டு போனது.

"அடப் பாவி! சாமி கும்பிடச் சொன்னா குளிப்பாட்டுறியா?" என்று சபினோ அவனைப் பிடரியில் தள்ளிக்கொண்டு பேருந்துப் பக்கம் போனார்.

லிட்சிக்கு உள்ளூரக் குஷி. பூமித்தாயே வழி விட்டுவிட்டாள். இனி என்ன சாக்கு சொல்வார்?

அதற்குள் பஸிலியா வந்து ஆப்பித் தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தாள். கவுண்டருக்கு ஒரு பெண்மணி மேளத்தோடு வந்துவிட்டாள்.

"இந்த மேளத்தைப் போதோசிக்கு அனுப்பணும்மா."

'தோன்யா, திரை போயிடுச்சு' என்று சொல்ல லிட்சி வாயெடுத்தாள்.

பஸிலியா கருந்திரையைப் பார்த்தபடியே பெயரைக் கேட்டாள். ஊரைக் கேட்டாள். விரல்கள் கீபோர்டில் ஓடின. பிரின்டர் கிறீச்சிட்டு ரசீதைத் துப்பியது.

"சத்தமா வாசிங்க. தப்பிருந்தா இப்பவே சொல்லிடணும்."

அந்தப் பெண்மணி வாசித்தாள். ஓர் எழுத்துப் பிசகில்லை.

லிட்சி திரும்பிப் பார்த்தாள். வாசலில் சபினோ. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மெல்ல அருகில் வந்து, காதோரம் சொன்னார்:

"அவ பார்வை போனது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. லா பாஸுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பென்ஷனும் போயிடும்."

லிட்சி கவுண்டருக்குப் போனாள். மீந்திருந்த காகிதச் சுருளை எடுத்தாள். வருகிறவர்கள் கண்ணில் படாதபடி அந்தக் கருந்திரையைச் சுற்றி அலங்காரம் செய்தாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து இணைய வயரை மட்டும் பிடுங்கிவிட்டாள். இனி எந்த வைரஸும் அந்த வழியாக வராது.

போன் அடித்தது. லா பாஸ்.

"எல்லா மெஷினும் மாத்தியாச்சா?"

"ஒண்ணு பாக்கி சார். நெட்ல இருந்து பிரிச்சு வெச்சுட்டேன், ஆபத்தில்ல."

"அதை எப்ப மாத்துவே?"

"கார்னிவல் முடியட்டும் சார்."

"அது அடுத்த வாரமே முடிஞ்சுடுமே!"

லிட்சி சபினோவைப் பார்த்தாள்.

"இந்த வருஷத்துக் கார்னிவல் இல்ல சார். அடுத்த வருஷத்துது."