பெயர் சொல்லாத மூன்று நாள்

கேட் தடதடவென்று அதிர்ந்தது. ககமேகா ஊரின் கரும்புக்காடு வானொலி மேலாளர் பராசா, ஜன்னல் வழியே பார்த்து வெலவெலத்தார்.

"நெகேசா, உன் நேயருங்க ஆளுக்கொரு கட்டையோட வந்திருக்காங்க. நீதான் தூண்டி விட்டியா?"

"நான் யார்கிட்டயும் பேசல சார்."

பன்னிரண்டு வருடமாக, விடியற்காலையில் நேயர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, மாட்டுக்குக் காய்ச்சல் விட்டதா, மகள் பரீட்சை எழுதினாளா என்று விசாரித்தவள் நெகேசா. "இதையெல்லாம் யார் கேட்கிறாங்க?" என்று திங்கட்கிழமை அதை நிறுத்திவிட்டு, வெறும் பாட்டு போட்டார் பராசா. இந்த மாதத்தோடு அவளுக்கு வேலையும் இல்லை.

பராசா போய் கேட்டைத் திறந்தார்.

"நாளைக்கே நெகேசா பேசுவா. வேலையும் அவளுக்குத்தான். கட்டையைக் கீழ போடுங்கப்பா."

முன்னால் நின்ற மகோகா கிழவர், பராசாவுக்குப் பின்னால் வந்த நெகேசாவைப் பார்த்தார். கையிலிருந்த கட்டையும் சேவலும் நழுவின. பெண்கள் தலையிலிருந்த சோளமாவு மூட்டைகளை இறக்கினார்கள். கிழவர் அவளருகே வந்தார்.

"மூணு நாளா எங்க பேரைச் சொல்லலையே தாயி. உசுரோட இருந்தா எங்களை மறப்பியா நீ? அதான், உன் துக்கத்துக்கு வர்றவங்களுக்குச் சமைச்சுப் போட விறகோட வந்துட்டோம்."