மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஓடிக்கொண்டிருந்த இயந்திரக் கை பாதி வேலையில் சட்டென்று நின்றது. "பகலவன் வந்துட்டான்" என்று யாரோ முணுமுணுக்க, சுற்றி நின்ற தொழிலாளிகள் பின்வாங்கினார்கள்.

இயந்திரத்தைச் சுற்றிப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு உள்ளே ஈ, காக்கைகூட இல்லை. அங்கே தூணில் மாட்டியிருந்த பகலவனின் நீலச் சீருடைச் சட்டை மட்டும் மின்விசிறிக் காற்றில் கையை வீசிவிட்டுத் தூணோடு ஒட்டிக்கொண்டது. இயந்திரக் கை மறுபடி ஓடத் தொடங்கியது.

வல்லம் வடகாலில் கார் கதவு செய்யும் தொழிற்சாலை அது. இந்தக் கை அடித்துத்தான் பகலவன் செத்துப்போனான். பூட்டிக் கிடந்த இயந்திரத்தைச் சோதனைக்காக மறுபடி ஓட்டத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான், ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து நின்று நின்று போகிறது.

சட்டையைத் தேடித்தான் பகலவன் வருகிறான் என்பது எல்லோருடைய நம்பிக்கை. அதை மாட்டியவள் அவன் மனைவி இசைவாணி, அங்கேயே பேக்கிங்கில் வேலை பார்க்கிறவள். எடுத்துவிடச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சிவிட்டார்கள். வந்தால் வரட்டுமே என்று விட்டுவிட்டாள். இயந்திரக் கையின் கழுத்தில் பகலவன் கடைசியாக வைத்த சந்தனமும் குங்குமமும்கூட அப்படியே காய்ந்து கிடந்தன. துடைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

இன்றைக்குப் பார்த்து இப்படி நின்றதில் மேலாளர் லக்ஷ்மிநரசிம்மனுக்குக் கடுப்பு. பக்கத்தில் அரசாங்க ஆய்வாளர் கார்முகில் நின்றிருந்தார். தானே பார்த்துத் தானே முடிவெடுக்கும் இயந்திரம், கோட்டைத் தாண்டி யார் வந்தாலும் நிற்க வேண்டும் என்பது விதி. நிற்கிறது என்று அந்த அம்மா கையெழுத்துப் போட்டால்தான் உற்பத்தி.

அது ஒழுங்காக நிற்கிற இயந்திரம் என்றால், அன்றைக்கு நிற்காததற்குக் காரணம் பகலவன் என்றாகிவிடும். கேமராவை மறைத்துவிட்டு அவனாகவே அத்துமீறி உள்ளே போனான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. எழுதியவர் லக்ஷ்மிநரசிம்மன்.

இசைவாணியை அரித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வரிதான். உங்கப்பாவே போய்ச் செத்தாராமே என்று மகள் கவியாவைப் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். இன்று கையெழுத்து விழுந்தால் அந்த வரி அரசாங்கப் பதிவிலும் ஏறிவிடும். அதற்காகத்தான் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றிருந்தாள்.

வேலி, கதவு எல்லாம் பழைய காலம், மேலே இருக்கும் கேமராதான் இப்போது காவல் என்று மேலாளர் விளக்கினார். வெளிநாட்டுப் படங்களை நம்பாமல், இங்கே வேலை செய்கிறவர்களையே ஷிஃப்ட் ஷிஃப்டாக நடக்கவிட்டுப் படம்பிடித்து, ஆள் என்றால் யார் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு.

தொழிலாளி அன்புவை உள்ளே நடக்கச் சொன்னார். அன்பு முருகனை வேண்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். கை நின்றது. வெளியே வந்ததும் ஓடியது. எத்தனை முறை போனாலும் அப்படியே.

கார்முகில் பேனாவைத் திறந்தார். இசைவாணி முன்னால் வந்தாள்.

"அவரு கேமராவ மறைக்கல மேடம். அப்பிடி செய்ற ஆளே இல்ல அவரு."

"நானும் நம்பணும்னுதாம்மா பாக்கறேன். ஆனா மிஷின் நிக்குதே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கை மறுபடி நின்றது. உள்ளே யாரும் இல்லை. நீலச் சட்டை கையை வீசியது.

அது யாருடைய சட்டை என்று கார்முகில் கேட்டார். மேலாளருக்கு மானம் போயிற்று. பேய்க்கதையை ஆய்வாளர் காதில் போட வேண்டாம் என்று விறுவிறுவென்று கோட்டைத் தாண்டிப் போனார். சட்டையை உருவிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

"பாருங்க மேடம். பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

அவர் முதுகுக்குப் பின்னால் கை அசைந்தது. அங்கே ஆளே இல்லாதது போல் நிதானமாக, அவர் தலையை நோக்கி இறங்கியது. எல்லோரும் உறைந்துபோய் நின்றார்கள். உள்ளே நிற்பது யார், என்ன எழுதியவர் என்றெல்லாம் இசைவாணி யோசிக்கவில்லை. பாய்ந்துபோய், இயந்திரத்தை அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள்.

மேலாளரின் தலைக்கு ஒரு சாண் மேலே கை நின்றது. நின்ற அதிர்ச்சியில் காய்ந்த குங்குமம் உதிர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவர் குனிந்தபடியே கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். அக்குளில் இருந்த சட்டை நழுவித் தரையில் விழுந்தது.

பகலவன்தான் பழி தீர்க்கிறான் என்று அன்பு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கார்முகில் தரையில் கிடந்த நீலச் சட்டையைப் பார்த்தார். அன்பு போட்டிருந்த அதே நீலச் சட்டையைப் பார்த்தார். மேலாளரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு இசைவாணியிடம் திரும்பினார்.

"அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் என்னம்மா உடுத்தியிருந்தார்?"

இத்தனை நாளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"பட்டு வேட்டி கட்டினு வந்தாரு மேடம். அன்னிக்கு ஆயுத பூஜை."