ஒரே நடை

ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயில். மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலைக் களத்தில் அவித்த நெல் ஆவி விடுகிறது. நேற்றுவரை தன்னோடு நின்று நெல் காயவைத்த எட்டுப் பெண்களுக்கு இன்று பவுனம்மாள்தான் மேஸ்திரி. “ஒருத்தியை நிறுத்தணும். யாரு மந்தம்னு நீயே சொல்லு” என்று முதலாளி நிழலில் காத்திருக்கிறார். ஏழு மாதக் கர்ப்பிணி மயிலம்மாள்தான் பின்தங்குகிறாள். பவுனம்மாள் அவளையே பார்க்கிறாள். ஆனால் நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டு போகும் மற்ற ஏழு பேரும் மெல்ல மெல்ல மயிலம்மாளின் நடைக்கு வந்துவிடுகிறார்கள். “யாருன்னு கேட்டேனே?” “எல்லாரும் ஒண்ணாத்தானே போறாங்க, ஐயா.” “அப்போ வேலை வாங்கத் தெரியாத நீதான் நின்னுக்கணும்.” பவுனம்மாள் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைக்கிறாள். களத்தில் கால்களின் சரசரப்பு சட்டென்று அடங்குகிறது.