பச்சைக்கு வரைந்த படம்

"சார், இந்தப் பொண்ணுக்கு இதுல துளிகூட இஷ்டமில்ல" என்று சொல்லி, நான்காவது படத்தின் மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாள் அந்த மாணவி.

ஓவியருக்குச் சுருக்கென்றது. தொடுவதற்கும் நெருங்குவதற்கும் எதிரில் இருப்பவருக்குச் சம்மதம் உண்டா என்று தெரிந்துகொள்வது எப்படி? கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரும் பாடத்துக்காகத்தான் அவர் ஆறு படங்கள் வரைந்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் இன்று சோதனை. படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை கிடையாது. சம்மதம் என்று தோன்றினால் பச்சை ஸ்டிக்கர், இல்லை என்று தோன்றினால் சிவப்பு.

நான்காவது படம் பச்சைக்காக வரைந்தது. ஆறிலும் அவருக்குச் செல்லம் அதுதான். கட்டில் ஓரத்தில் ஓர் இளம் ஜோடி. அவன் கை அவள் தோளில். அவள் தலைகுனிந்து லேசாகச் சிரிக்கிறாள். அந்தப் படத்தில் இப்போது அம்மை போட்டதுபோல ஒரே சிவப்பு.

"அது வெட்கம்மா! வெட்கப்படற பொண்ணைப் பாத்ததே இல்லையா நீங்கள்லாம்?" என்று சிரித்து மழுப்பினார்.

"வெட்கப்பட்டா கையை எதுக்கு சார் இப்படி இறுக்கி மூடிக்கணும்?" என்றான் கண்ணாடி போட்ட ஒருவன்.

"தோளைப் பாருங்க, அவன் கைக்கு அடியிலேருந்து நழுவப் பாக்குது. சிரிப்பு வாயோட சரி, கண்ணுல இல்ல" என்றாள் இன்னொருத்தி.

ஓவியர் குனிந்து பார்த்தார். மூடிய கை, நழுவும் தோள், சிரிக்காத கண். எல்லாம் அவரே இழுத்த கோடுகள். ஒன்றைக்கூட இல்லையென்று சாதிக்க முடியவில்லை.

"அப்ப உங்க கண்ணுக்கு இது சம்மதமாவா சார் தெரிஞ்சுது?"

முதலில் பேசிய மாணவிதான். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். ஓவியருக்குக் காது மடல்வரை சூடேறியது. பிள்ளை வயதில் இருப்பவர்கள் முன்னால் கூனிக் குறுகி, ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் சீவத் தொடங்கினார்.

பாடத்தைத் தயாரித்த பேராசிரியைக்கோ தலைகால் புரியாத குஷி. "விடுங்க சார், இதுவும் நல்லதுக்குத்தான். வாயைத் திறக்காம வேண்டாம்னு சொல்றதை இதைவிட அச்சு அசலா யாராலயும் வரைய முடியாது. சிவப்புப் பக்கத்துக்கு மாத்திடலாம். அட்டையிலயே போட்டுடலாமே! யாரைப் பாத்து வரைஞ்சீங்க?"

"யாரையும் இல்ல மேடம். கற்பனைதான்" என்றார் தரையைப் பார்த்து. "இதை எடுத்துட்டு வேற ஒண்ணு வரைஞ்சு தர்றேனே?"

"நல்லா கேட்டீங்க! வீட்டுக்குப் போய் யோசிச்சு, காலையில சரின்னு சொல்லுங்க."

பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தார். யாராவது பிடுங்கிப் பிரித்துவிடுவார்களோ என்பதுபோலப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் பட்டென்று தெரிந்தது தனக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது? வெட்கம்தான், சத்தியமாக வெட்கம்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஒரே ஓர் ஆள் பச்சை என்று சொல்லிவிட்டால் போதும், இன்றைக்குத் தூக்கம் வரும்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் படத்தையும் முதலில் அவளிடம்தான் காட்டுவார். இந்த வயசில் இதெல்லாமா என்று கேட்டுவிடுவாளோ என்ற கூச்சத்தில் இந்த வேலையை மட்டும் மறைத்து வைத்திருந்தார். வாசலிலேயே ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"ஒரு நிமிஷம் இதைப் பாரேன். இந்தப் பொண்ணுக்கு இஷ்டமா, இல்லையா? யோசிக்காம சொல்லு."

அவள் மடித்த துணியை மடியில் வைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெட்கம்தானே?" அவர் குரல் கெஞ்சியது.

"மூக்கையும் முடியையும் மாத்திட்டா எனக்கு என்னைத் தெரியாதாங்க?" என்றாள். "கல்யாணமான அன்னிக்கு ராத்திரி இப்படியேதான் உக்காந்திருந்தேன். கை, தோள், கண்ணு, ஒண்ணு விடாம வரைஞ்சிருக்கீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் படத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு நீங்க என் முகத்தைச் சரியாவே பாக்கலைன்னு நினைச்சுதாங்க, இத்தனை வருஷமா உங்களை மன்னிச்சிருந்தேன்."